மேக்ரோவில் நெடுவரிசைகளை இடம் மாற்றும்போது ஏ, பி என்ற எழுத்தை நம்புவதா, தலைப்பை நம்புவதா?

கட்டக்குருவி

வணக்கம் நண்பர்களே. வாரம் ஒருமுறை ஒரு மென்பொருளிலிருந்து இறக்கிய எக்ஸெல் ஃபைல் எனக்கு வரும். மொத்தம் 34 நெடுவரிசைகள். அதில் 12 மட்டும் நாங்கள் படிக்கும் வரிசையில் முன்னால் வர வேண்டும், மீதி பின்னால் கிடந்தால் போதும். முதலில் கையால்தான் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ரெக்கார்ட் மேக்ரோவை (நாம் செய்வதைப் பதிந்து நிரலாக்கும் வசதி) ஓடவிட்டு ஒருமுறை செய்து காட்டி, அதையே வாராவாரம் ஓட்டினேன். ஆறு மாதம் நன்றாக ஓடியது.

போன மாதம் ஃபைல் அனுப்புகிறவர்கள் நடுவில் புதிதாக ஒரு நெடுவரிசையைச் சேர்த்துவிட்டார்கள். எங்களிடம் சொல்லவில்லை. மேக்ரோவும் பிழை எதுவும் காட்டவில்லை. 'தொகை' வர வேண்டிய இடத்தில் 'தள்ளுபடி' வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டுமே எண்கள், இரண்டுக்கும் இரண்டு தசம இடம், அதனால் கண்ணுக்குப் படவே இல்லை. மேக்ரோவின் கடைசியில் முதல் வரியில் எங்கள் தலைப்புகளை எழுதுகிற மாதிரியும் பதிவு செய்திருந்தேன். ஆக 'தள்ளுபடி'யின் தலையில் 'தொகை' என்றே எழுதியிருந்தது. இரண்டு வார அறிக்கை தப்பாகப் போன பிறகுதான் பிடிபட்டது.

திருத்தி அனுப்பிவிட்டேன். ஆனால் இனி இப்படி நடக்கவே கூடாது. நெடுவரிசை எங்கே இருந்தாலும் சரியாக எடுத்து வைக்கிற மாதிரி மேக்ரோ எழுத முடியுமா? விபிஏ (மேக்ரோ எழுதும் நிரல்மொழி) கொஞ்சம் தெரியும்.

---

பழையகணக்கு

முடியும். முதலில் அந்தத் தலைப்பு எழுதும் வரிகளை இன்றே நீக்கிவிடுங்கள். நெடுவரிசை மாறிப் போனது ஒரு பிழை என்றால், அதன் மேல் சரியான பெயரை எழுதி மூடியது அதைவிடப் பெரிய பிழை. ஃபைலோடு வந்த தலைப்புதான் உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி. அதை அழிக்கக் கூடாது. பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எல்லாம் முடிந்து, சரிபார்த்த பிறகு மாற்றுங்கள்.

ரெக்கார்டருக்குத் தெரிந்ததெல்லாம் 'எச் நெடுவரிசையை வெட்டு, பி-க்கு முன்னால் செருகு' என்பதுதான். எச்-இல் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. அதனால் அது தரும் நிரலைத் திருத்திப் பயனில்லை, புதிதாக எழுதுங்கள். நிரலை அப்படியே ஒட்டாமல் நடை எப்படி என்று சொல்கிறேன். நடை புரிந்துவிட்டால் பதினைந்து வரிகளுக்குள் நீங்களே எழுதிவிடலாம்.

ஐந்து நெடுவரிசையை வைத்துப் பார்ப்போம். வந்திருப்பது: எண், தேதி, பெயர், தொகை, குறிப்பு. வேண்டியது: பெயர், தேதி, தொகை, எண், குறிப்பு.

1-ஆம் இடத்துக்கு 'பெயர்' வேண்டும். தேடினால் 3-இல் இருக்கிறது. வெட்டி 1-க்கு முன்னால் செருகினால் வரிசை இப்படி ஆகும்: பெயர், எண், தேதி, தொகை, குறிப்பு. இங்கே கவனியுங்கள். 'தேதி' முதலில் 2-இல் இருந்தது, இப்போது 3-க்குப் போய்விட்டது. தொடக்கத்தில் குறித்துவைத்த எண்ணை நம்பி 2-ஐ வெட்டினால் 'எண்' வந்துவிடும். அதனால் ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் மறுபடி தேட வேண்டும்.

2-ஆம் இடத்துக்கு 'தேதி'. தேடினால் 3. வெட்டிச் செருகியதும்: பெயர், தேதி, எண், தொகை, குறிப்பு. 3-ஆம் இடத்துக்கு 'தொகை'. தேடினால் 4. செருகியதும்: பெயர், தேதி, தொகை, எண், குறிப்பு. 4-க்கு 'எண்', அது ஏற்கெனவே 4-இல்தான் இருக்கிறது, தொடாமல் விடுங்கள்.

இடமிருந்து வலமாக நிரப்பிக்கொண்டு போனால், நிரப்பிய பகுதி திரும்பக் கலையாது. தேடும் நெடுவரிசை எப்போதும் வலப்பக்கத்தில்தான் இருக்கும், இடப்பக்கம் நோக்கித்தான் வரும். பட்டியலில் இல்லாத 22 நெடுவரிசைகளும் தங்களுக்குள் இருந்த வரிசை மாறாமல் தாமாகவே பின்னால் ஒதுங்கிவிடும். அவற்றுக்கென்று தனியாக எதுவும் எழுத வேண்டாம்.

ஒன்று மறக்காதீர்கள். மேக்ரோ ஓடிய பிறகு கன்ட்ரோல் இசட் வேலை செய்யாது. ஃபைலைப் பிரதி எடுத்துக்கொண்டு அதில் ஓட்டிப் பாருங்கள்.

---

கட்டக்குருவி

மிக்க நன்றி ஐயா. எழுதிப் பார்த்தேன். தேடுவதற்கு ஃபைண்ட் பயன்படுத்தினேன். ஆனால் 'எண்' என்று தேடினால் சில சமயம் 'பில் எண்' வருகிறது. நேற்று சரியாக வந்தது, இன்று தப்பாக வருகிறது. நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

---

மரப்பேனா

இது நிறையப் பேரை அலைக்கழித்த விஷயம். ஃபைண்டில் 'லுக்அட்' என்றொரு அமைப்பு உண்டு, முழுக் கட்டமும் பொருந்த வேண்டுமா, பகுதி பொருந்தினால் போதுமா என்பதற்கு. அதை நீங்கள் சொல்லாமல் விட்டால் கடைசியாகப் பயன்படுத்திய அமைப்பையே எடுத்துக்கொள்ளும். நீங்களே கன்ட்ரோல் எஃப் போட்டு ஏதாவது தேடியிருந்தால் அந்த அமைப்பு மேக்ரோவுக்கும் வந்துவிடும். நேற்றுக்கும் இன்றுக்கும் நடுவில் நீங்கள் கையால் எதையோ தேடியிருப்பீர்கள்.

அதில் 'எக்ஸ்எல்ஹோல்' (முழுக் கட்டமும் பொருந்த வேண்டும்) என்று எப்போதும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஃபைண்டை விட்டுவிட்டு மேட்ச் (தேடுவது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஃபங்ஷன்) பயன்படுத்துங்கள், கடைசி மதிப்பு 0, அதாவது முழுப் பொருத்தம். எனக்கு மேட்ச்தான் பிடிக்கும், நேரடியாக நெடுவரிசை எண்ணைத் தரும்.

மேட்சிலும் இரண்டு வழி. ஒர்க்‌ஷீட்ஃபங்ஷன் வழியாகக் கூப்பிட்டால், தலைப்பு இல்லாதபோது 1004 பிழையோடு மேக்ரோ நின்றுவிடும். அப்ளிகேஷன் வழியாக நேரடியாகக் கூப்பிட்டால் நிற்காது, 2042 என்ற பிழை மதிப்பைத் திருப்பித் தரும். 'இஸ்எரர்' வைத்துச் சோதித்துக்கொள்ளலாம். ஆனால் விடையை வாங்கும் மாறி எதையும் ஏற்கும் வேரியன்ட் வகையாக இருக்க வேண்டும். முழு எண் மட்டும் ஏற்கும் லாங் என்று அறிவித்திருந்தால் பிழை மதிப்பு அதில் அடங்காது, 13-ஆம் பிழை வரும்.

---

கட்டக்குருவி

மேட்சுக்கு மாறிவிட்டேன், அந்தப் பிரச்சினை தீர்ந்தது. அடுத்து இன்னொன்று. எங்கள் தலைப்புகள் தமிழில். விபிஏ எடிட்டரில் 'தொகை' என்று ஒட்டினால் வெறும் கேள்விக்குறிகளாக வருகிறது. இதற்கு என்ன செய்வது?

---

பழையகணக்கு

விபிஏ எடிட்டர் யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) காலத்துக்கு முந்தையது. எக்ஸெல்லுக்கு விபிஏ வந்தது 1993-இல். அந்த எடிட்டர் இன்றும் விண்டோஸின் பழைய எழுத்துப் பக்கங்களைத்தான் (சில மொழிகளுக்கு மட்டுமான எழுத்துக் குறியீட்டுப் பட்டியல்கள்) நம்பியிருக்கிறது, தமிழுக்கு அப்படியொரு பக்கம் விண்டோஸில் இல்லவே இல்லை. கட்டங்களில் தமிழ் இருக்கலாம், மாறிகளிலும் இருக்கலாம், எடிட்டரில் மட்டும் தட்ட முடியாது.

எண்ணைக் கொடுத்தால் எழுத்தைத் தரும் 'சிஎச்ஆர்டபிள்யு' போட்டு ஒவ்வோர் எழுத்தாகக் கோத்து எழுதுகிறவர்களும் உண்டு. 'த' என்பதற்கு 2980, இப்படியே. நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆறு மாதம் கழித்து நீங்களே படித்தால் உங்களுக்கே புரியாது.

தலைப்புப் பட்டியலை நிரலுக்குள் வைக்கவே வேண்டாம். மேக்ரோ இருக்கும் ஃபைலில் 'வரிசை' என்று ஒரு ஷீட் போட்டு, முதல் நெடுவரிசையில் 12 தலைப்புகளையும் மேலிருந்து கீழாக எழுதுங்கள். மேக்ரோ அங்கிருந்து படித்துக்கொள்ளட்டும். எழுத்துச் சிக்கல் இதோடு போய்விடும். அதைவிட முக்கியமாக, நாளைக்கு வரிசையை மாற்ற வேண்டுமென்றால் நிரலைத் திறக்கவே வேண்டாம், விபிஏ தெரியாதவரும் அந்த ஷீட்டைத் திருத்தலாம். நான் தமிழ்த் தலைப்புக்காகத்தான் இப்படிச் செய்யத் தொடங்கினேன். இப்போது ஆங்கிலத் தலைப்புகளுக்கும் இதே முறைதான்.

எந்தத் தலைப்பு கிடைக்கவில்லை என்று மெசேஜ்பாக்ஸில் காட்டப் பார்க்காதீர்கள், அங்கேயும் கேள்விக்குறிதான் வரும். அந்த 'வரிசை' ஷீட்டிலேயே தலைப்புக்குப் பக்கத்துக் கட்டத்தில் 'இல்லை' என்று பதிய வையுங்கள். அந்தச் சொல்லையும் ஷீட்டில் ஏதாவது ஒரு கட்டத்திலிருந்தே எடுங்கள்.

---

தூக்கணாங்கூடு

தமிழ்த் தலைப்பு என்றதும் ஒன்றைச் சொல்லத் தோன்றியது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு ஒன்றாக இருக்காது. 'கொ' என்பதை க-வோடு ஒற்றை ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். நீளத்தை எண்ணும் லென் போட்டுப் பாருங்கள், முதலாவதற்கு 2, இரண்டாவதற்கு 3. விபிஏவில் சமக்குறி போட்டு ஒப்பிட்டாலும், டிக்‌ஷனரியில் போட்டுத் தேடினாலும் வேறு வேறு என்றே சொல்லும். 'ஔ' என்ற எழுத்தும், 'ஒ'-வுக்குப் பக்கத்தில் 'ள' தட்டியதும் அப்படித்தான்.

தலைப்பு கண்ணெதிரே இருந்தும் 'இல்லை' என்று வந்தால் முதலில் லென் போடுங்கள். பெரும்பாலும் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். இணையப் பக்கத்திலிருந்து வந்த ஃபைல் என்றால் 160-ஆம் எண் கொண்ட உடையாத இடைவெளியாகவும் இருக்கலாம். ஓர இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் அதைத் தொடாது, முதலில் ரீப்ளேஸ் போட்டுச் சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டு அப்புறம் ட்ரிம் செய்யுங்கள்.

தலைப்பைத் தட்டச்சு செய்யாமல், வந்த ஃபைலிலிருந்தே நகலெடுத்து 'வரிசை' ஷீட்டில் ஒட்டினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராது.

---

கட்டக்குருவி

ஒட்டிவிட்டேன். 12-இல் 11 உடனே கிடைத்தன. கிடைக்காத ஒன்றின் பின்னால் இடைவெளி இருந்தது, நீங்கள் சொன்னபடியேதான்!

ஆனால் இன்னொரு குழப்பம். சோதனைக்காக ஃபைலிலிருந்து ஒரு நெடுவரிசையை நீக்கிவிட்டு ஓட்டினேன். வரிசையின் நடுவில் எனக்கு வேண்டாத ஒரு நெடுவரிசை மாட்டிக்கொண்டு நிற்கிறது.

---

மரப்பேனா

பட்டியலின் எண்ணையே இலக்கு எண்ணாகவும் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்றாவது தலைப்பு கிடைக்கவில்லை, நான்காவதை 4-ஆம் இடத்தில் வைக்கிறீர்கள். 3-ஆம் இடத்தில் ஏற்கெனவே இருந்த எதுவோ அங்கேயே தங்கிவிடுகிறது. இலக்குக்குத் தனியாக ஒரு மாறி வையுங்கள். தலைப்பு கிடைத்தால் மட்டும் அதை 1 கூட்டுங்கள்.

அதே வரிகளைத் திருத்தும்போது இதையும் செய்துவிடுங்கள்: முதல் வரி முழுவதிலும் தேடாமல், இலக்கு இடத்திலிருந்து கடைசி நெடுவரிசை வரைக்கும் மட்டும் தேடுங்கள். ஒரே தலைப்பு இரண்டு முறை வரும் ஃபைல்கள் உண்டு. முழு வரியில் தேடினால் இரண்டாவது முறையும் ஏற்கெனவே வைத்ததையே பிடித்து வலப்பக்கம் இழுத்துவிடும், நிரப்பிய பகுதி கலைந்துவிடும். பகுதியில் தேடும்போது மேட்ச் தருவது அந்தப் பகுதிக்குள் இருக்கும் எண், அதனால் இலக்கைக் கூட்டி 1 கழித்தால்தான் உண்மையான நெடுவரிசை எண் கிடைக்கும். இலக்கு 5, மேட்ச் தந்தது 3 என்றால் நெடுவரிசை 7.

வெட்டுவதும் செருகுவதும் அடுத்தடுத்த வரிகளாக இருக்கட்டும். நடுவில் ஒரு கட்டத்தில் எதையாவது எழுதினால் வெட்டியது ரத்தாகிவிடும்.

---

வெண்பலகை

ஒரு நெடுவரிசையாக வெட்டி ஒட்டுவதெல்லாம் எதற்கு? முழுத் தரவையும் ஒரு அர்ரேயில் (நினைவகத்தில் இருக்கும் அட்டவணை) வாங்கி, வேண்டிய வரிசையில் இன்னொரு அர்ரேயில் நிரப்பி, புதிய ஷீட்டில் ஒரே வீச்சில் எழுதிவிடலாம். லட்சம் வரிகள் இருந்தாலும் சட்டென்று முடியும். மூல ஷீட்டும் அப்படியே இருக்கும். எனக்கு இதுதான் பாதுகாப்பாகப் படுகிறது.

---

பழையகணக்கு

மூல ஷீட்டைத் தொடாமல் விடுவது எனக்கும் பிடித்திருக்கிறது. வெட்டிச் செருகும் முறையிலும் ஷீட்டைப் பிரதி எடுத்துப் பிரதியில் வேலை செய்தால் அது கிடைத்துவிடும்.

அர்ரேயில் எனக்கு இருக்கும் பயம் வேறு. '00123' என்று எழுத்தாக இருக்கும் குறியீடு, பொதுவடிவக் கட்டத்தில் எழுதியதும் 123 ஆகிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்கள் எழுத்தாக வந்திருந்தால் இன்னும் மோசம், எக்ஸெல் 15 இலக்கம்தான் வைத்திருக்கும், மீதி பூஜ்ஜியமாகும். எழுத்தாக இருக்கும் '03/04' மாதிரித் தேதிகளை விபிஏ எழுதும்போது மாதம் முதலில் என்று எடுத்துக்கொள்ளும், ஏப்ரல் 3 என்று நினைத்தது மார்ச் 4 ஆகிவிடும். ஃபார்முலாக்கள் போய் மதிப்புகள் மட்டும் வரும். நெடுவரிசை அகலம், வண்ணம் எதுவும் வராது.

இவற்றுக்கெல்லாம் வழி உண்டு. எழுதுவதற்கு முன்பே அந்த நெடுவரிசைகளை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். எது எழுத்து, எது எண் என்று ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தெரிந்தவர் அர்ரேயில் எழுதட்டும். கட்டக்குருவிக்கு 34 நெடுவரிசை, அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் மாறுகிற ஃபைல். 12 முறை வெட்டிச் செருகினால் போதும். திரை புதுப்பிப்பையும் தானியங்கிக் கணக்கீட்டையும் நிறுத்திவிட்டு ஓட்டினால் வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. பிழை வந்து வெளியேறினாலும் அந்த இரண்டையும் திரும்ப இயக்கிவிட்டுத்தான் வெளியேற வேண்டும், அதற்கான வரிகளைக் கடைசியில் ஒரே இடத்தில் வையுங்கள்.

---

வெண்பலகை

பூஜ்ஜியம் போகும் விஷயம் சரிதான். எனக்கு வருவதெல்லாம் எண்கள், அதனால் இதுவரை அனுபவப்படவில்லை. என் ஃபைல்களையும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

---

தூக்கணாங்கூடு

மேக்ரோவே இல்லாமல் செய்ய நினைப்பவர்களுக்காக இரண்டு வழி.

அட்வான்ஸ்டு ஃபில்டரில் 'வேறிடத்துக்கு நகலெடு' என்பதைத் தேர்ந்தெடுத்து, போக வேண்டிய இடத்தில் தலைப்புகளை வேண்டிய வரிசையில் முன்பே எழுதிவைத்தால், அந்த நெடுவரிசைகள் மட்டும் அதே வரிசையில் வந்து விழும். வடிகட்டத்தான் அது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், நெடுவரிசை அடுக்கவும் அருமையான கருவி.

இன்னொன்று பவர் குவெரி, எக்ஸெல்லுக்குள் தரவை இறக்கி மாற்றியமைக்கும் கருவி. அதில் 'ரீஆர்டர் காலம்ஸ்' செய்தால் பட்டியலில் உள்ளவை தங்களுக்குள் மட்டும் இடம் மாறிக்கொள்ளும், மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். 12-உம் முன்னால் வர வேண்டுமென்றால் மீதமுள்ள பெயர்களை 'லிஸ்ட் டிஃபரன்ஸ்' மூலம் எடுத்துப் பட்டியலின் பின்னால் கோக்க வேண்டும். தானாகச் சேரும் 'சேஞ்ச்டு டைப்' படியை நீக்கிவிடுங்கள். அதற்குள் நெடுவரிசைப் பெயர்கள் பதிந்திருக்கும், ஒரு பெயர் மாறினாலும் அங்கேயே நின்றுவிடும்.

கூகுள் ஷீட்ஸில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு 'மூவ்காலம்ஸ்' தனியாகவே இருக்கிறது, வெட்டிச் செருகத் தேவையில்லை. நகர்த்துவதற்கு முன்பிருந்த எண்படிதான் இலக்கைச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

---

கட்டக்குருவி

பவர் குவெரி அடுத்த மாதம் கற்றுக்கொள்ளப் போகிறேன். இப்போதைக்கு மேக்ரோ.

கடைசியாக ஒரு சந்தேகம். இந்த ஷீட்டைப் பார்த்துக் கணக்கிடும் ஃபார்முலாக்கள் இன்னொரு ஷீட்டில் இருக்கின்றன. நெடுவரிசை நகர்ந்தால் அவை என்ன ஆகும்?

---

மரப்பேனா

வெட்டிச் செருகினால் சாதாரணக் குறிப்புகள் கூடவே நகரும். டி2-ஐக் காட்டிய ஃபார்முலா, அந்தக் கட்டம் பி2-க்குப் போனால் பி2 என்று தானே மாறிக்கொள்ளும். ஆனால் மூன்றைக் கையால் பார்க்க வேண்டும்.

ஒரு மதிப்பைத் தேடி அதே வரியில் வேறு நெடுவரிசையில் இருப்பதைத் தரும் விலுக்கப்பில் நெடுவரிசை எண்ணை 4 என்று நேரடியாக எழுதியிருந்தால் அது 4-ஆகவே இருக்கும். உங்களுக்கு முதலில் நடந்த அதே விபத்து வேறு வாசல் வழியாக வரும். நெடுவரிசை எண்ணே கேட்காத எக்ஸ்லுக்கப்புக்கு மாறுங்கள், இல்லையென்றால் 4 இருக்கும் இடத்தில் தலைப்பைத் தேடும் மேட்சை வையுங்கள். எழுத்தாகத் தந்த முகவரியைப் படிக்கும் இன்டைரக்டுக்குள் மேற்கோள் குறியில் எழுதிய முகவரியும் மாறாது. பி-யிலிருந்து டி வரை கூட்டும் மாதிரியான சம்-இல், ஓரத்தில் இருக்கும் நெடுவரிசை நகர்ந்தால் எல்லை மாறிவிடலாம், நகர்த்துவதற்கு முன்பும் பின்பும் கூட்டுத்தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

---

பழையகணக்கு

மேலே, தலைப்பு வரிக்கு முன்னால் ஒன்றிணைத்த கட்டங்கள் ஏதாவது உண்டா? இருந்தால் நகர்த்துவதற்கு முன் பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் நெடுவரிசை நகராது. ஃபில்டர் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

---

கட்டக்குருவி

ஒன்றிணைத்த கட்டம் இல்லை. ஃபில்டர் இருந்தது, மேக்ரோவின் முதல் வரியிலேயே நீக்கிவிட்டேன். இன்று முடித்தது இது:

ஷீட்டைப் பிரதி எடுக்கிறது. 'வரிசை' ஷீட்டிலிருந்து 12 தலைப்புகளைப் படிக்கிறது. எதையும் நகர்த்துவதற்கு முன்பு 12-உம் இருக்கிறதா என்று ஒரு சுற்று பார்க்கிறது. ஒன்று குறைந்தாலும் அதன் பக்கத்தில் 'இல்லை' என்று பதிந்துவிட்டு எதையும் தொடாமல் நின்றுவிடுகிறது. எல்லாம் இருந்தால் மட்டுமே வெட்டிச் செருகுகிறது. முடிந்ததும் 'தொகை'யின் கூட்டலை மூல ஷீட்டோடு ஒப்பிடுகிறது.

பட்டியலில் இல்லாத புதிய தலைப்பு ஏதாவது வந்திருந்தால் அதையும் 'வரிசை' ஷீட்டின் மூன்றாவது நெடுவரிசையில் எழுதிவைக்கிறது. இது நானாகச் சேர்த்தது. அன்றைக்கு இது இருந்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

தப்பாகப் போன அந்த இரண்டு ஃபைல்களையும் இதில் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் 'தொகை' சரியான இடத்துக்கு வந்தது. புதிதாக நுழைந்த நெடுவரிசையின் பெயரையும் பிடித்துக் காட்டியது.

---

பழையகணக்கு

முதலில் முழுவதையும் சோதித்துவிட்டு அப்புறம் நகர்த்துவது மிக நல்ல முடிவு. நான் சொல்லியிருக்க வேண்டியது, நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

மேக்ரோவைப் பர்சனல் ஒர்க்புக்கில் (எக்ஸெல் திறக்கும்போதெல்லாம் கூடவே திறக்கும் மறைவான ஃபைல்) வைத்திருக்கிறீர்களா, தனி ஃபைலிலா? பர்சனலில் என்றால் 'வரிசை' ஷீட்டை 'திஸ்ஒர்க்புக்' (மேக்ரோ இருக்கும் ஃபைல்) என்றும், தரவை 'ஆக்டிவ்ஒர்க்புக்' (அப்போது முன்னால் திறந்திருக்கும் ஃபைல்) என்றும் தெளிவாகப் பிரித்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதைக் குழப்பினால் தரவு ஃபைலுக்குள் போய் 'வரிசை' ஷீட்டைத் தேடும்.

---

கட்டக்குருவி

தனி ஃபைல்தான், மேக்ரோவோடு சேமிக்கும் எக்ஸ்எல்எஸ்எம். மேக்ரோ வைக்க முடியாத எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமிக்கப் போய் நிரல் முழுவதும் போகப் பார்த்தது, எச்சரிக்கை வந்ததும் நிறுத்திவிட்டேன். 'திஸ்ஒர்க்புக்' இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது, இப்போதே திருத்திவிட்டேன். திங்கட்கிழமை புது ஃபைல் வரும், ஓட்டிவிட்டு இங்கே எழுதுகிறேன்.